தறி ஓடும்போது பேசுவது

அக்காவின் குரலுக்கு மெஷின் பச்சை போட்டது. பச்சை என்றால் மனசுக்கு ஒன்றும் இல்லை, ஆள் தெம்பாக இருக்கிறார் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் அன்றைக்கே யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். திருப்பதியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், ஏசி ஓடினாலும் வியர்க்கிற அறையில் உட்கார்ந்து அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவள் நன்றாக இருக்கிறாள் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கோ கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

கால் ஆட்டுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நகரியில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடினால் தரை அதிரும், பானையில் தண்ணீர் நடுங்கும். அந்த அதிர்வு காலில் ஏறிக்கொண்டு இறங்காமலே போய்விட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் அடிக்கடி தன் காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போனார்.

எங்கள் வேலை இதுதான். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். பிச்சாட்டூர், ஏர்பேடு, வடமாலபேட்டை என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போவார்கள். போனை நீட்டி, காலையிலிருந்து என்ன செய்தீர்கள், போன வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டு, பேசுவதைப் பதிவு செய்வார்கள். பிறகு டாக்டர்கள் தயாரித்துக் கொடுத்த கேள்விகள் சில இருக்கும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறதா என்பது மாதிரி. அந்தப் பதில்களை வைத்து, இந்தக் குரல் நன்றாக இருக்கிறவருடையது, இந்தக் குரல் வாடிப்போனவருடையது என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்போம். குவியல் குவியலாகக் கொடுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும். அமுங்கின குரல், பேச்சுக்கு நடுவே நீளமான இடைவெளி, முடிவில் இறங்கிப்போகும் வார்த்தை, இதெல்லாம் ஆகாது என்று அதற்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் எந்தப் புதுக் குரலைப் போட்டாலும் ஒரு கலர் காட்டும். வருகிற ஆபத்தை முன்கூட்டியே சொல்கிற மெஷின் என்று பெயர்.

இதில் என் பங்கு சுத்தம் செய்வது. சேவல் கூவினால் வெட்டுவேன். குக்கர் விசில், டிவி சீரியல், லாரி ஹார்ன் எல்லாவற்றையும் வெட்டி, மனிதக் குரலை மட்டும் எடுத்து மெஷினுக்கு ஊட்டுவேன். எங்கள் தலைவி ஹைதராபாத்காரர், மேடம் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் 'க்ளீன் ஆடியோ, க்ளீன் ஆடியோ' என்று சாமி பேர் மாதிரி ஜபித்துக்கொண்டே இருப்பார்.

நகரியையும் சேர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது பிரச்சினையும் கூடவே வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு தறி. காலையிலிருந்து இரவு வரை தடதடவென்று அடிக்கும். போனை எங்கே நீட்டினாலும் சத்தம்தான். "கரெண்ட் போகிற நேரத்தில் பதிவு செய்தால் என்ன?" என்று மேடம் கேட்டார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. எந்தத் தெருவில் எப்போது கரெண்ட் போகும் என்று நானே விசாரித்துச் சொன்னேன். கரெண்ட் போனது, தறி நின்றது, ஊர் அமைதியானது, பணியாளர்கள் போனார்கள். வந்த ஒலியைக் கேட்டால் ஸ்டுடியோவில் பிடித்த மாதிரி இருந்தது.

மெஷின் ஊர் முழுக்கப் பச்சை போட்டது. "உங்க ஊர்க்காரங்களுக்குக் கவலையே கிடையாதா? எனக்கும் அங்கே ஒரு வீடு பாருங்க" என்று மேடம் தெலுங்கில் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் குவைத்தில் இருக்கிறார்கள். மீதிப் பாதியில் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் தறியோடு மல்லுக்கட்டுகிறார்கள். இவர்களில் ஒருத்தருக்கும் மனசு வலிக்கவில்லையாம். கேட்கிறவன் கேனையன் என்றால்தான் நம்புவான்.

எங்கே தப்பு என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். ஒரு நாள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் டீக்கடைக்காரரிடம் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "சர்க்கரை வேணாம்" என்றேன். அவர் முறைத்துப் பார்த்து, "என்ன?" என்று கத்தினார். அப்போதுதான் உறைத்தது.

தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒரு பழக்கம். எங்கள் வீடுகளில் முன்பாதி குடித்தனம், பின்பாதி தறி. நடுவில் கதவு என்று ஒன்றும் இருக்காது. தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஆகவே சாதாரண விஷயங்களைக் கத்திச் சொல்வோம். சோறு ஆயிற்றா, நூல் வந்ததா, பால்காரன் வந்திருக்கிறான், இதெல்லாம் கத்தல். கத்த முடியாத விஷயங்களை உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வோம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அப்பாவை நைனா என்போம், அந்த நைனா மேல் அம்மாவுக்கு இருந்த கோபம் முழுக்க எனக்கு அப்படித்தான் தெரியும். அக்கா பள்ளிக்கூடத்தில் பரீட்சை தவறியதை முதலில் என்னிடம் சொன்னது தறிக்கு நடுவில் நின்றுகொண்டுதான். அழ வேண்டுமானாலும் தறி ஓடும்போதே அழுதுவிட வேண்டும். கரெண்ட் போய்விட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் நல்லவர்களாகிவிடுவோம். அடுத்த வீட்டுத் தும்மல்கூடக் கேட்கிற அமைதியில் யார் மனசைத் திறப்பார்கள்?

ஆக, ஊர் வாயை மூடிக்கொள்கிற நேரமாகப் பார்த்து நாங்கள் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்திருந்தோம். டாக்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னதும் அதே அமைதியில்தான். அதைத்தான் உண்மை என்று மெஷினுக்குக் கற்றுக் கொடுக்க இருந்தோம்.

உள்ளே ஓடி அக்காவின் முழுப் பதிவையும் எடுத்தேன். மெஷினுக்குப் போனது நான் நறுக்கிக் கொடுத்த துண்டுதான். முழு ஒலியும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. முதலில் அக்கா பேசுகிறாள். "காலீல எய்ந்தேன், வாசல் தெளிச்சேன், தறி போட்டேன், துன்னேன், இன்னா கொறை எனக்கு, நல்லாத்தான் கீறேன்." கணீரென்ற குரல். அவள் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். குரலில் இடைவெளி இல்லை, இறக்கம் இல்லை. மெஷின் பாவம், பச்சை போடாமல் என்ன செய்யும்.

அதற்குப் பிறகு கரெண்ட் வந்துவிடுகிறது. பதிவு செய்ய வந்த பெண் போனை நிறுத்த மறந்திருக்கிறாள். அக்கா தறிகளை ஒவ்வொன்றாகப் போடுவது கேட்கிறது. மீதியெல்லாம் தடதடதான். 'இரைச்சல்' என்று குறித்து நானே தள்ளிவிட்ட பகுதி. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தறியின் அடி மாறியது. ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர், நூல் தீர்ந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறுமனே ஓடினால் ஒரு வெற்றுச் சத்தம் வரும். எங்கள் ஊர்ப் பழைய தறிகள் தானாக நிற்காது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். அக்கா வாயில் சோற்றோடு ஓடிவந்து நிறுத்துகிற ரகம். நூல் இல்லாமல் ஓடினால் துணி பாழ் என்று எங்களைத் திட்டித் தீர்ப்பாள். பதிவில் அந்த வெற்றுச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். பிறகு, "எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்குது. உனக்கு வேற என்னவோ கேட்குது போல" என்றார். நான் தறி வீட்டுக் கதையைச் சொன்னேன். இதை எப்படி மெஷினுக்குள் கொண்டுவருவது என்று உடனே யோசிக்க ஆரம்பித்தார், அவர் மூளை அப்படி. உதட்டை யார் பதிவு செய்வது, அதற்கு எப்படிச் சம்மதம் வாங்குவது என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், அது என் அக்கா" என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நகரிப் பதிவுகள் எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நீ கிளம்பு" என்றார். அந்த இரைச்சலை என் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எதற்கு ஏற்றினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் தெலுங்கில் ஒரு பாட்டு விட்டார், காலி சீட்டை வைத்துக்கொண்டு வழியில் நிற்கிறானே என்று. வடமாலபேட்டை டோல்கேட்டில் வண்டிகள் நின்றபோது இறங்கி நடந்தே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. தறி ஓடினால் மணி காதில் விழாது என்று தெரியும். தெரிந்தும் என்ன, புத்தூர் தாண்டுவதற்குள் எத்தனை தரம் போட்டேனோ கணக்கில்லை. மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்தது.

வீட்டு வாசலில் அக்காவின் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாம்புக் காது அவருக்கு. நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னா தம்பி, சொல்லாம கொள்ளாம வந்துகீற?" என்றார். "சும்மாத்தான் அத்தை, இந்தப் பக்கம் ஒரு வேலை" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அக்கா தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னாடா, துன்னியா?" என்று கத்தினாள். சிரித்தாள். நான் தலையாட்டிவிட்டு அவள் எதிரில் போய் நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். "இன்னாக்கா ஆச்சு?"

சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மாமா குவைத்துக்குப் போய், மகள் சித்தூர் ஹாஸ்டலுக்குப் போய், அவள் உதட்டைப் பார்த்துப் பேச அந்த வீட்டில் ஆளே இல்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. மாமியார் தறிப் பக்கம் வருவதில்லை, முட்டி வலி. அக்கா உதட்டை அசைத்தாள். தறி தடதடத்தது. நான் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலீல எய்ந்தா எதுக்கு எய்ந்தோம்னு கீதுடா. கை வேலை செய்யுது, நான் எங்கியோ கீறேன். துன்னா மண்ணு மாதிரி கீது. அவுரு போன் பண்ணா நல்லாக்கீறேன்னு சொல்லிச் சொல்லி வாயி பூட்ச்சு. தம்பி, எனக்கு இனிமே இருக்கவே வேணாம்னு கீது."

நான் அவள் கையைப் பிடித்தேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டக்கென்று கரெண்ட் போனது. தறிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் மாமியார் கீரைத் தண்டை ஒடிப்பதுகூடக் கேட்டது. அக்கா என் கையை உதறிவிட்டு, அதே முகத்தோடு, அதே நனைந்த கண்ணோடு, "ஏன்டா, கத்திரிக்கா கொயம்பு வச்சிகீறேன், துன்னுட்டுதான் போவணும், ஆமா!" என்று கணீரென்று சொன்னாள். பச்சை போட்டது இந்தக் குரலுக்குத்தான்.

அவளைத் தனியே விட்டுவிட்டுத் திருப்பதி திரும்ப எனக்கு மனசில்லை. அன்றைக்கு அங்கேயே தங்கினேன். மாமியாரிடம் என்ன சொல்வது? மனசுக்கு டாக்டர் என்றால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். தறிச் சத்தத்தில் காது போவது எங்கள் ஊரில் சகஜம். "அக்காவுக்குக் காது சரியா கேக்கலன்னு நெனைக்கிறேன் அத்தை, திருப்பதில டெஸ்ட் பண்ணணும்" என்றேன். கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. "எனக்கும் ரொம்ப நாளா திருச்சானூரு போவணும்னு கீது, நானும் வரேன்" என்று புடவையை மடித்து வைத்தார். தலையில் கைவைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மூன்று பேருமாக பஸ்ஸில் போனோம். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு திருச்சானூர் அம்மவாரு கோயில் என்று பேச்சு. ஜன்னலோரம் அக்கா வாயே திறக்கவில்லை. மாமியார் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார்.

மனநலப் பிரிவில் அறைக்குக் கதவு இல்லை. ஒரு பச்சைத் திரைதான் தொங்கியது. அதைத் தாண்டினால் பெஞ்சு, பெஞ்சில் மாமியார். போர்டைப் படிக்க அவருக்கு எழுத்துத் தெரியாது, அந்த மட்டில் பிழைத்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், தெலுங்கில் மெதுவாகப் பேசினார். எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார்.

"பாகுன்னானு" என்றாள் அக்கா. நன்றாக இருக்கிறேன் என்று திரைக்கு வெளியே வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

தூக்கம் வருகிறதா? வருகிறது. பசிக்கிறதா? பசிக்கிறது. இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறதா? "லேது, லேது", இல்லை இல்லை என்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். திரைக்குக் கீழே மாமியாரின் பாதங்கள் தெரிந்தன. என் கால் ஆடி ஆடி மேஜையே ஆடியது. டாக்டர் என்னைப் பார்த்து, "சிகிச்சை உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டார். அக்கா நேற்று சொன்னதை நானே சொல்லிவிடலாம். ஆனால் எனக்கும் தறி வீட்டுத் தொண்டைதான், ரகசியம் பேச வராது. சொன்னால் முதலில் கேட்பது பெஞ்சுதான். மாமியாரை வராண்டாவை விட்டே அனுப்பலாம் என்றால், டெஸ்ட்டுக்கு நான் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பார். அக்கா எழுந்திருக்கப் போகிற மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எழுந்தாள் என்றால் நேரே கோயில், அப்புறம் நகரி, அப்புறம் அந்தத் தறி. அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

போனை எடுத்தேன். அந்த இரைச்சலைத் தேடி, சத்தத்தை முழுக்க வைத்து, மேஜை மேல் வைத்தேன்.

தடதடவென்று அறை அதிர்ந்தது. டாக்டர் திடுக்கிட்டு, "என்ன இது, நிறுத்துங்க!" என்று கையை நீட்டினார். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டு, கும்பிட்டு, அக்காவைக் காட்டினேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுத் தறி அவளுக்குத் தெரியாதா? தோள் இறங்கியது. உதடு அசைய ஆரம்பித்தது.

டாக்டர் ஒரு கணம் அவள் வாயைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, தன் காதை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அக்கா முதல் தடவையாக உதட்டோடு குரலையும் சேர்த்தாள். சின்னக் குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது, அதில் பெருமாள் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

வெளியே மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தையும் மீறி அது என் காதில் விழுந்தது. "உள்ள என் மருமவளுக்கு காது டெஸ்ட்டு நடக்குது. பாரு, தறி சத்தமே வச்சிகீறானுங்க."

வெற்றாக அடித்த அந்தத் தறியும் வந்தது, போனது. ஒலி தீர்ந்து அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. அக்கா பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.